வருகிறேன் என்று சொன்னால்...

நங்கநல்லூரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். செல்போனில் நாலு எழுத்தைத் தட்டி அனுப்புகிற இந்தக் காலத்தில், நாலு பக்கம் கையால் எழுதி, உறையில் போட்டு, தபால் தலை ஒட்டி அனுப்பியிருக்கிறார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. கடிதத்தின் சாராம்சம் இதுதான்:

"காலை எட்டரை மணிக்குள் அவர் ஆபீசுக்கும் குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்கும் போய்விடுகிறார்கள். பத்தரைக்குச் சமையலறையைக் கழுவிவிட்டால் மூன்று மணி வரைக்கும் பொழுது என்னுடையது. ஏதாவது பொதுத் தொண்டு செய்ய வேண்டுமென்று ரொம்ப நாளாக ஆசை. ஆனால் எனக்கு என்ன தெரியும்? மேடையேறிப் பேச வராது. நன்கொடை கொடுக்கிற அளவுக்கு வசதியில்லை. பி.ஏ. படித்தேன், அதோடு சரி. என்னால் யாருக்கு என்ன பிரயோஜனம்?"

சகோதரி, கடிதத்தைப் பிரித்தவுடனேயே உங்கள் கேள்விக்குப் பதில் எனக்குக் கிடைத்துவிட்டது. உங்கள் கையெழுத்துத்தான் அந்தப் பதில்!

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நல்ல கையெழுத்து, பொறுமையான காது, மூன்று நாலு மணி நேர அவகாசம் - இந்த மூன்றும் உள்ளவர்களைத் தேடிக்கொண்டு நம் ஊரில் எத்தனையோ மாணவ மாணவிகள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கண் தெரியாது. படிப்பு இருக்கிறது, பாடம் மனசில் இருக்கிறது, பரீட்சைத் தாளில் எழுதுவதற்கு ஒரு கைதான் வேண்டும். அவர்கள் வாயால் சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து எழுதித் தர வேண்டும். பரீட்சை இலாகாவின் பாஷையில் இந்த வேலைக்குச் 'சொல்வதை எழுதுபவர்' என்று பெயர். மாணவர்கள் சுருக்கமாக 'ஸ்கிரைப்' என்கிறார்கள்.

"அவர்களுக்குத்தான் பிரெயில் இருக்கிறதே?" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. பிரான்சு தேசத்தில் 1809-ல் பிறந்த லூயி பிரெயில், மூன்று வயதில் தகப்பனாரின் தோல் பட்டறையில் விளையாடும்போது காயம்பட்டுப் பார்வையை இழந்தவர். பதினைந்து வயசுப் பையனாக இருக்கும்போதே, 1824-ல், ஆறே ஆறு புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்து, விரலால் தடவிப் படிக்கும் எழுத்து முறையை அமைத்துவிட்டார். நம் தேசத்து மொழிகளுக்கெல்லாம் பொதுவான 'பாரதி பிரெயில்' 1951-ல் வந்தது. பள்ளிக்கூடங்களோ அதற்கும் முந்தியவை. 1887-ல் அமிர்தசரஸில் ஆனி ஷார்ப் என்ற அம்மையார் பார்வையற்ற குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். 1890-ல் நம் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கினார்.

படிப்பதற்கு இவ்வளவு வழி ஏற்பட்டுவிட்டது. இப்போது செல்போனே புஸ்தகத்தை உரக்க வாசித்துக் காட்டுகிறது. ஆனால் பரீட்சை எழுதும்போதுதான் சங்கடம். பிரெயிலில் எழுதினால் தாள் திருத்துகிறவருக்கு பிரெயில் தெரிய வேண்டாமோ? அதனால்தான் இன்னொருவர் கை தேவைப்படுகிறது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டமும் இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. கூடுதல் நேரம், எழுதித் தர ஆள் ஆகிய சௌகரியங்களைப் பரீட்சையில் செய்து தரச் சொல்கிறது. மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், ஒரு மணி நேரப் பரீட்சைக்குக் குறைந்தது 20 நிமிஷம் கூடுதலாகத் தர வேண்டும் என்று இருந்தது. அந்தக் கணக்கில் மூன்று மணி நேரப் பரீட்சை நாலு மணி நேரம் ஆகிறது.

சட்டம் நேரத்தைக் கொடுத்துவிடும். ஆனால் காலை பத்து மணிக்கு அந்த நாற்காலியில் வந்து உட்கார வேண்டியது ஒரு மனுஷிதானே?

இந்த இடத்தில் என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உங்களுக்கு உபதேசம் செய்துவிட்டு இதை மறைத்தால் நன்றாக இராது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சிநேகிதி மூலமாக எனக்கு ஒரு கல்லூரி மாணவி அறிமுகமானாள். சரித்திரம் படித்துக்கொண்டிருந்தாள். ஏப்ரல் மாதக் கடைசிப் பரீட்சையில் ஒரு தாளுக்கு எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். நான் படித்தது ஆங்கில இலக்கியம். வேறு பாடம் படித்தவர்கள் எழுதலாம் என்று அந்தக் கல்லூரியில் விதி. "அதற்கென்ன, அவசியம் வருகிறேன்" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது ஏதோ பெரிய தர்மம் செய்கிறவளைப் போல ஒரு பெருமை வேறு!

பரீட்சைக்கு முதல் நாள் சாயந்திரம் என் குழந்தை சோர்ந்து படுத்தது. தொட்டுப் பார்த்தால் லேசாகச் சூடு. மறுநாள் போக முடியுமா என்று அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் 'முடியாது' என்று சொல்லச் சங்கோஜம். காலையில் சரியாகிவிடும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். காலையில் ஜுரம் 101 டிகிரி. எட்டே முக்கால் மணிக்குத்தான் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"பரவாயில்லக்கா. நீங்க குழந்தையைப் பாத்துக்குங்க" என்றாள்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அவள் வேறு யாரையாவது பிடித்துக்கொள்வாள் என்று எண்ணிக்கொண்டு அந்த விஷயத்தையே மறந்துவிட்டேன்.

முடிவு வெளியான அன்றைக்குப் பத்திரிகை ஆபீசிலிருந்து அவளைக் கூப்பிட்டேன், வாழ்த்துச் சொல்வதற்காக.

"எல்லாப் பேப்பரும் பாஸ்க்கா. அன்னிக்கு எழுதினது மட்டும் போயிடுச்சு" என்றாள்.

மெள்ள மெள்ள விசாரித்தேன். அன்று கல்லூரியில் ஓடியாடி முதல் வருஷத்து மாணவி ஒருத்தியைப் பிடித்து உட்கார வைத்தபோது நாற்பது நிமிஷம் போய்விட்டதாம். அந்தப் பெண் பயந்துபோய், ஒவ்வொரு பெயருக்கும் எழுத்துக் கேட்டுக் கேட்டு எழுதினாளாம். கடைசி இரண்டு கேள்விகளுக்கு நேரமே இல்லை. பட்டம் வராததால் அந்த வருஷம் பி.எட். வகுப்புக்கு மனுப் போட முடியவில்லை. மறுபடி எழுத நவம்பர் வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

இத்தனையும் சொல்லிவிட்டு அவள் என்னை ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "முதல் நாள் சாயந்திரமே சொல்லியிருந்தீங்கன்னா வேற யாரையாவது கேட்டிருப்பேன்க்கா. நாலஞ்சு பேர் நம்பர் எங்கிட்ட இருந்துச்சு."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. குழந்தைக்கு ஜுரம் என்பது பொய்யில்லை. ஆனால் நான் சொன்னது முழுக்க நிஜமும் இல்லை. அன்றைக்கு ஆபீசில் எனக்கு முக்கியமான வேலை இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? "இன்றைக்கு நீங்கள் லீவு போடுங்கள்" என்று அவரிடம் சொல்லியிருப்பேன். அம்மாவுக்குப் போன் செய்திருப்பேன். பக்கத்து வீட்டு மாமியைக் கூப்பிட்டிருப்பேன். இந்த வேலைக்கு அந்த யோசனை எதுவுமே எனக்குத் தோன்றவில்லை. காரணம் என்ன? சம்பளம் இல்லாத வேலை. ஆகையால் வராவிட்டால் பாதகமில்லை என்று மனசுக்குள் எங்கேயோ ஒரு எண்ணம். தொண்டு என்பது நான் கொடுக்கிற தானம், கொடுத்தால் புண்ணியம், கொடுக்காவிட்டால் பாவமில்லை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! 'வருகிறேன்' என்று சொன்ன நிமிஷத்திலிருந்து அந்த நாலு மணி நேரம் அவளுடைய சொத்து. அதை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அவளே கூப்பிட்டாள். "நவம்பர்ல அதே பேப்பர். நீங்களே வரீங்களாக்கா?"

போனேன். அரை மணி முன்னதாகவே போய்க் கல்லூரி வாசலில் நின்றேன். அவர் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார்.

தனி அறை. நாங்கள் இரண்டு பேர், மேற்பார்வைக்கு ஓர் ஆசிரியை. உட்கார்ந்ததும் அந்தப் பெண் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தாள். "முதல்ல கேள்வித்தாள் முழுக்க ஒரு தடவை படிங்க. மார்க்கையும் சேத்துப் படிங்க. எதை முதல்ல எழுதணும்னு நான் சொல்றேன். நான் யோசிக்கும்போது பேசாம இருங்க. அரை மணிக்கு ஒரு தரம் மணி மட்டும் சொல்லுங்க. எழுதி முடிச்சதும் எல்லாத்தையும் திரும்பப் படிச்சுக் காட்டணும்." இருபது வயசுப் பெண் இத்தனை ஒழுங்காகக் காரியம் பார்ப்பதைக் கண்டு நான் வாயடைத்துப் போனேன்.

நடுவில் ஒரு கட்டம். பிளாசி யுத்தத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தவள், வருஷம் 1764 என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிளாசி 1757-ல் அல்லவா நடந்தது! பள்ளிக்கூடத்தில் உருப்போட்டது எனக்கு மறக்குமா? பேனா ஒரு கணம் நின்றது.

"என்னக்கா, பேனா நின்னுடுச்சு?" என்றாள்.

"ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு, அவள் சொன்னபடி 1764 என்றே எழுதினேன். கை நடுங்கிற்று என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அதுதான் விதி, அதுதான் நியாயமும். விடை அவளுடையது. நான் ஒரு வருஷத்தைத் திருத்தினால் அது உதவி அல்ல, திருட்டு. அவள் உழைப்பின் மேல் ஊருக்குச் சந்தேகம் வர நானே இடம் கொடுத்ததாகவும் ஆகும். பேனாவைக்கூட நிறுத்தியிருக்கக் கூடாது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

எல்லாம் எழுதி முடிந்தபோது இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. முதலிலிருந்து படித்துக் காட்டினேன். அந்த வரி வந்ததும், மற்ற வரிகளைப் போலவே அதையும் படித்தேன்.

"நிறுத்துங்க. 1764 பக்ஸார் யுத்தம். பிளாசி 1757. அடிச்சுட்டு மாத்துங்கக்கா" என்றாள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது! போன ஏப்ரலில் அந்த முதல் வருஷத்துப் பெண் எழுதியபோது திரும்பப் படித்துக் காட்ட நேரம் ஏது? பறிபோன நாற்பது நிமிஷத்துக்குள் இப்படி எத்தனை வருஷங்கள் தப்பாகவே நின்றுவிட்டனவோ?

அந்தப் பெண் தேறினாள். பி.எட். வகுப்பிலும் சேர்ந்தாள், ஒரு வருஷம் தாமதமாக. அந்த ஒரு வருஷத்தை நான் எந்தக் கடையில் வாங்கித் திருப்பிக் கொடுப்பேன்?

இப்போது எங்கள் தெருவில் நாங்கள் ஐந்து பேர் இந்த வேலையைச் செய்கிறோம். சங்கம் என்று பெயர்ப் பலகை எதுவும் கிடையாது. ஒரு நாற்பது பக்க நோட்டுப் புஸ்தகம்தான் எங்கள் காரியாலயம். அதில் தேதி, கல்லூரி, யார் போகிறார்கள் என்பதோடு 'மாற்று ஆள்' என்று ஒரு பத்தி. போகிறவருக்கு முடியாமற் போனால் மாற்று ஆள் போக வேண்டும். அவரும் அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளக் கூடாது. முதல் நாள் சாயந்திரம் ஏழு மணிக்கு, 'நாளைக்கு நிச்சயம்' என்று மாணவருக்கு ஒரு போன். ஜுரமும் விருந்தாளியும் எல்லார் வீட்டுக்கும் வருகிறவைதானே? ஒருத்தி தனியாக வாக்குக் கொடுத்தால் அது எப்போதாவது தவறத்தான் செய்யும். ஐந்து பேர் சேர்ந்து கொடுத்தால் தவறாமல் பார்த்துக்கொள்ளலாம். பொதுத் தொண்டுக்குக் கூட்டம் ஏன் வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

எங்கள் ஐவரில் ஒருவர் பத்தாவது வரைக்கும்தான் படித்தவர். "நீங்களெல்லாம் பட்டதாரிகள், நான் எதற்கு?" என்று முதலில் ஒதுங்கி நின்றார். பிறகுதான் 2018-ஆம் வருஷத்து நெறிகளைப் பற்றித் தெரிந்தது. அவற்றின்படி, தாமே எழுதுபவரை அழைத்து வரும் மாணவர், தம்மைவிடப் படிப்பில் ஒரு படி குறைந்தவரைத்தான் அழைத்து வரலாம் என்று இருந்தது! பிளஸ் டூ படித்த பையன் ஒருவனுக்கு உத்தியோகப் பரீட்சை வந்தபோது எங்கள் பட்டங்கள் செல்லாக் காசாகிவிட்டன. பத்தாவது படித்த அந்த அம்மாள்தான் மிடுக்காகப் புறப்பட்டுப் போனார். இந்த விதிகள் பரீட்சைக்குப் பரீட்சை வேறுபடும், அவ்வப்போது மாறவும் செய்யும். ஆகையால் ஒப்புக்கொள்வதற்கு முன், அந்தப் பரீட்சைக்கு என்ன விதி என்று மாணவரிடமோ கல்லூரியிலோ நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்ததே, நினைவிருக்கிறதா? முகம் தெரியாதவர்களுக்காக எத்தனை வீடுகளில் அடுப்பு எரிந்தது! மீனவர்கள் படகுகளைத் தெருவுக்குள் கொண்டுவந்து ஜனங்களை ஏற்றினார்கள். அப்படிப்பட்ட சமயத்தில் நம் ஊர் மனசு ஒருபோதும் பின்வாங்கியதில்லை. ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு வருகிற சாதாரண செவ்வாய்க்கிழமை ஒன்று இருக்கிறதே, அன்றைக்கும் யாருக்காவது நம் கை தேவைப்படுகிறது. அன்று யாரும் நம்மைப் போட்டோ எடுக்க மாட்டார்கள். வெயிலில் பஸ் பிடித்துப் போய்விட்டு வர வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமையைத் தாங்குவதற்குக் கொஞ்சம் கண்டிப்பு வேண்டியிருக்கிறது.

அந்தக் கண்டிப்புக்கு ஒரு சிறு பெண்ணை உதாரணம் காட்டுகிறேன். 1923-ல் காக்கிநாடாவில் காங்கிரஸ் மகாநாடு. அங்கே நடந்த கதர்க் கண்காட்சி வாசலில் பதினாலு வயசுத் தொண்டர் ஒருத்தி நின்றாள். டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடக் கூடாது என்பது அவளுக்கு இட்ட வேலை. ஜவாஹர்லால் நேரு வந்தார். டிக்கெட் இல்லை. விடமாட்டேன் என்று தடுத்துவிட்டாள்! பெரியவர்கள் பதறிப்போய் டிக்கெட் வாங்கிக் கொடுத்த பிறகுதான் வழிவிட்டாள். நேருவும் அவளை மெச்சினார். அந்தச் சிறுமிதான் துர்காபாய் தேஷ்முக். பிற்காலத்தில் 1937-ல் சென்னையில் ஆந்திர மகிளா சபையை நிறுவினார். அரசியல் நிர்ணய சபையில் அங்கம் வகித்தார். 1953-ல் மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவியானார். பார்வையற்றோர் நலத்துக்கான சங்கம் ஒன்றுக்கும் தலைமை வகித்து உழைத்தார். இவ்வளவுக்கும் ஆரம்பம், சம்பளமில்லாத ஒரு காரியத்தை உத்தியோகம் போல் மதித்து அந்த வாசலில் நின்றதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, நங்கநல்லூர் சகோதரி! நீங்கள் கேட்டதற்கு முடிவாகச் சொல்கிறேன்.

நம் வீட்டுப் பெண்கள் ஏற்கெனவே காலை முதல் ராத்திரி வரை சம்பளமில்லாமல்தான் உழைக்கிறார்கள். இன்னும் உழையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகையால் நிறைய ஒப்புக்கொள்ளாதீர்கள். கல்லூரிப் பரீட்சைகள் பெரும்பாலும் ஏப்ரலையும் நவம்பரையும் ஒட்டி வருகின்றன. பருவத்துக்கு இரண்டே பரீட்சை போதும். பக்கத்துக் கல்லூரியில் போய், பார்வையற்ற மாணவர்களுக்கு எழுத வருவதாகப் பெயரும் போன் நம்பரும் கொடுத்துவிட்டு வாருங்கள். பரீட்சை இல்லாத மாதங்களில், அவர்களுக்கு வேண்டிய பாடப் புஸ்தகத்தைச் செல்போனில் வாசித்துப் பதிவுசெய்து கொடுக்கலாம். தமிழை நிறுத்தி நிதானமாக வாசிக்கத் தெரிந்தால் போதும். அடுத்த வீட்டுச் சிநேகிதி ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மாற்று ஆளாக. நீங்கள் போகிற நாளில் மத்தியானக் காப்பியைத் தாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும் என்று வீட்டுக்காரரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். மனுஷர் பழகிக்கொள்வார், எங்கள் வீட்டில் பழகியாகிவிட்டது.

முடியாது என்று தோன்றினால் கூச்சப்படாமல் முதல் நாள் சாயந்திரத்துக்குள் சொல்லிவிடுங்கள். அதில் தப்பே இல்லை. முடியும் என்று சொல்லிவிட்டால் மட்டும், போய்விடுங்கள்.

நவம்பர் பரீட்சைக்குப் போய்விட்டு வந்ததும் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள், அதே முத்து முத்தான கையெழுத்தில்.